பிளானில் இருந்த சுவர் வீட்டில் இல்லை

சென்னை மடிப்பாக்கத்தில் நாங்கள் வாங்கப் பார்த்தது ஒரு தனி வீடு, மேலே ஒரு போர்ஷன். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது, தாய்ப்பத்திரம் இருந்தது, பட்டா உரிமையாளர் பேரிலேயே இருந்தது, இரண்டு தளத்துக்கும் வீட்டுவரி ரசீது இருந்தது. வக்கீலும் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அட்வான்ஸ் கொடுக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லோனுக்கு பேங்க்கில் அப்ரூவ்டு பிளான் கேட்டார்கள். உரிமையாளர் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தது, 2011-ல் அந்தப் பகுதி சென்னை மாநகராட்சியோடு சேர்வதற்கு வெகு முன்னால், 1998-ல் ஊராட்சியில் வாங்கிய பிளான். மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன நீலத் தாள். அதை ஹால் தரையில் விரித்து வைத்து நானும் என் கணவரும் டேப் பிடித்தோம். பிளானில் ஹால் 12க்கு 10, பக்கத்து அறையும் அதே அளவு, நடுவில் ஒன்பது அங்குலச் சுவர். நாங்கள் நின்றதோ இருபது அடிக்கும் மேல் நீளமான ஒரே ஹாலில். அந்தச் சுவரைக் காணோம். மாடி பிளானிலேயே இல்லை.

"சுவரை எடுத்து 12 வருஷம் ஆச்சும்மா, ஒண்ணும் ஆகலையே" என்றார் உரிமையாளர். அவர் ஏமாற்ற நினைத்தவர் இல்லை, மேஸ்திரி சொன்னதை நம்பியவர். ஆனால் 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது நான் பக்கத்திலிருக்கும் போரூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு "ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சை என்னால் ஏற்க முடிவதில்லை.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வில்லங்கச் சான்றில் சொத்து கைமாறியது, அடமானம் மாதிரி பதிவான விஷயங்கள்தான் வரும், சுவரை இடித்தது வராது. வீட்டுவரி கட்டுவதாலேயே அனுமதி இருக்கிறது என்று ஆகாது. வக்கீல் பேப்பரைப் பார்ப்பார். சுவரைப் பார்க்க நாம்தான் தனியாக ஆள் வைக்க வேண்டும்.

18,000 ரூபாய் கொடுத்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வந்தோம். வந்ததும் ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றச் சொன்னார். உள்ளே, சுவர் இருந்த இடத்தில் இரண்டு இரும்பு சேனல்களை ஜோடியாகப் போட்டு, மேல்தளத்தையும் மாடிச் சுவரையும் அதில் உட்காரவைத்திருந்தார்கள். சேனலின் முனைகள் நேராகச் செங்கல் மேல் இருந்தன, அடியில் பாரத்தைப் பரப்பிவிட கான்கிரீட் கட்டை எதுவும் இல்லை. டார்ச் அடித்துக் காட்டினார். அந்தச் செங்கல் நசுங்கி விளிம்பு பொடிந்திருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நூல் கட்டிப் பார்த்ததில் நடுவில் தளம் 18 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. மாடிச் சுவரில் அதற்கு நேர் மேலே சாய்வாக ஒரு விரிசல். போர்ட்டிகோவிலும் ஒரு விரிசல் இருந்தது. இரண்டின் மீதும் சின்னக் கண்ணாடித் துண்டைக் குறுக்கே ஒட்டி, பக்கத்தில் மார்க்கரால் தேதி எழுதினார். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும், பழைய விரிசல் என்றால் அப்படியே இருக்கும் என்றார். 19-ஆம் நாள் மாடியில் ஒட்டியது இரண்டாகப் பிளந்திருந்தது. போர்ட்டிகோவில் இருந்தது உடையவில்லை.

இதற்கிடையில் பேங்க்கின் மதிப்பீட்டாளர் வந்து, பிளானில் இல்லாத மாடியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. லோன் தொகை இறங்கிவிட்டது. இன்ஜினியரின் அறிக்கையையும் உடைந்த கண்ணாடியின் போட்டோவையும் எடுத்துக்கொண்டு உரிமையாளர் வீட்டுக்குப் போனோம். அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் மகனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். 88 லட்சம் சொன்ன வீடு 79 லட்சத்துக்கு முடிந்தது. புரோக்கர் மாடியைப் பத்திரத்தில் காட்ட வேண்டாம், முத்திரைத் தாள் செலவு குறையும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இருக்கிற கட்டடத்தை மறைத்து எழுதினால் நாளைக்கு விற்கும்போது நாமும் இதே இடத்தில் நிற்போம். மாடியையும் சேர்த்தே எழுதினோம்.

குடி போவதற்கு முன் முதல் வேலை அந்தச் சுவர்தான். ஹால் முழுக்க முட்டுக் கொடுத்து, இரண்டு ஓரத்திலும் அஸ்திவாரத்திலிருந்தே கான்கிரீட் தூண் எழுப்பி, சேனலை எடுத்துவிட்டு ஐ பீம் (ஆங்கில I வடிவ இரும்பு உத்திரம்) ஏற்றினார்கள். பீமுக்கும் தளத்துக்கும் நடுவே இருந்த சந்தில் காய்ந்தாலும் சுருங்காத கிரவுட் என்ற சிமெண்ட் கலவையை அடைத்தார்கள். மூன்று வாரம், 3,40,000 ரூபாய். ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து, இன்ஜினியரின் வரைபடத்தோடு ஒரே ஃபைலில் வைத்திருக்கிறேன்.

மாடிக்கு அனுமதி வாங்குவது இன்னும் முடியவில்லை. நகர ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவில் வரன்முறை செய்வது, அதாவது விதிமீறிக் கட்டியதைப் பிறகு சட்டப்படி ஏற்றுக்கொள்வது, 1.7.2007-க்கு முன் கட்டியவற்றுக்குத்தான். இந்த மாடி 2012-ல் கட்டியது. 2019 கட்டட விதிகளின்படி புதிதாகப் பிளான் போடலாம் என்றால், வெளிப்படிக்கட்டு காலியாக விட வேண்டிய பக்கவாட்டு இடத்தில் இறங்குகிறது. அதை இடித்து உள்ளே மாற்றினால்தான் விண்ணப்பமே கொடுக்க முடியும் என்று சர்வேயர் சொல்லிவிட்டார். பொங்கல் முடிந்ததும் படிக்கட்டு வேலை ஆரம்பம். அதுவரை மாடியை வாடகைக்கு விடவில்லை.