கொருக்குப்பேட்டை எலியும் கொரியா வைரஸும்

போன வருடம் எனக்கு எலி பிடிக்கும் வேலை கிடைத்தது. பதவியின் பெயர் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட், வீட்டில் சொன்னது 'லேப் வேலை', ஆனால் முதல் இரண்டு மாதமும் கொருக்குப்பேட்டை கிடங்குகளில் சாயங்காலம் பொறி வைத்து விடியற்காலையில் போய் எடுப்பதுதான்.

தேடியது எலிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஹாண்டா வைரஸை. சொன்னதும் எல்லோரும் "எலிக்காய்ச்சலா தம்பி?" என்பார்கள். அது பாக்டீரியா, தேங்கிய தண்ணீரில் வருவது. இது எலியின் மூத்திரமும் புழுக்கையும் காய்ந்து தூசியாகி மூச்சில் போவது, அதனால் கிடங்கில் துடைப்பத்தையே தொடக் கூடாது, ப்ளீச்சிங் கரைசலைத் தெளித்து ஊறவிட்ட பிறகுதான் எதிலும் கை வைக்க வேண்டும். நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. 1964-ல் வேலூரில் ஒரு மூஞ்சூறிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸுக்குத் தோட்டப்பாளையம் என்றே பெயர், அதுவும் ஹாண்டா வகை என்பது பிறகுதான் தெரிந்தது. (மூஞ்சூறு எலி இனமே இல்லை, அது வேறு கதை.)

பொறியில் முதலில் தேங்காய்ச் சில் வைத்தோம், மூன்று நாள் ஒன்றும் சிக்கவில்லை. கிடங்கு வாசலில் இட்லி விற்கும் அக்கா பார்த்துவிட்டு, "காசிமேடு பக்கத்துலயே இருந்துகினு தேங்கா வைக்கிறியேப்பா, கருவாடு வை" என்றார். மறுநாள் ஏழு பொறியில் ஐந்து மூடியிருந்தது. ஒன்றில் இருந்த பெருச்சாளி பொறியோடு உருண்டு சாக்கு மூட்டைக்குப் பின்னால் போய்க் கிடந்தது, அதை இழுத்து எடுப்பதற்குள் என் இரண்டு கையுறையும் நனைந்து முகக்கவசத்துக்குள் வியர்வை ஓடியது.

லேபில் எலியின் நுரையீரலிலிருந்து ஆர்.என்.ஏ (இந்த வைரஸின் மரபணு இருப்பது அதில்தான்) பிரித்து, தேடும் துண்டை மட்டும் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். இந்த வைரஸின் மரபணு மூன்று துண்டாக இருக்கும், அதில் பெரிய துண்டு அதிகம் மாறாது என்பதால் அங்கேதான் தேடினோம். துண்டு இருந்தால் ஜெல்லில் கோடாகத் தெரியும். ஒரு நாள் பளிச்சென்று ஒரு கோடு! அதன் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சீக்வென்சிங்குக்கு அனுப்பினோம், வந்த எழுத்துகளை ஜென்பேங்க் என்ற மரபணுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டால் ஹாண்டா வகையில் ஒன்றான சியோல் வைரஸ். சாக்கடை எலிகளிடம் இருப்பதும் அதுதான். அன்று சாயங்காலம் எல்லோருக்கும் என் செலவில் பஜ்ஜி.

மறுநாள் மேடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "கன்ட்ரோலோட வச்சுப் பாத்தியா?" கன்ட்ரோல் என்றால் சோதனை ஓடுகிறதா என்று பார்க்க நாங்களே போடும் துண்டு, பல வருடங்களுக்கு முன் கொரியாவில் எடுத்த வைரஸினுடையது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஏறத்தாழ 350 எழுத்து, ஒன்று கூட மாறவில்லை. ஆர்.என்.ஏ வைரஸ் பரவப் பரவ எழுத்து மாறிக்கொண்டே போகும், அதை வைத்துத்தானே யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பார்க்கிறோம். 2017-ல் அமெரிக்காவில் வளர்ப்பு எலிகளால் 11 மாநிலங்களில் 17 பேருக்கு இதே சியோல் வைரஸ் தொற்றியபோது, எல்லாம் ஒரே வைரஸ்தான் என்று சொன்னது இந்த வரிசைதான். இங்கேயும் அது வழியைச் சரியாகத்தான் காட்டியது, எங்கள் ஃப்ரிட்ஜின் இரண்டாவது தட்டு வரைக்கும். திரவத்தை உறிஞ்சி எடுக்கும் ஒரே பிப்பெட்டால் நான் கன்ட்ரோலையும் எலி மாதிரியையும் தொட்டிருக்கிறேன்.

கன்ட்ரோலை வேறு அறைக்கு மாற்றி, புது பிப்பெட் வாங்கி, அத்தனை எலிகளையும் முதலிலிருந்து திரும்பச் செய்தோம். ஒன்றிலும் கோடு இல்லை. பொறியில் தானாக வந்து விழுந்த நான்கு மூஞ்சூறுகள் மட்டும் ஃப்ரீசரில் காத்திருக்கின்றன, அவற்றில் தேட வேண்டிய துண்டை பி.சி.ஆருக்குக் காட்டிக்கொடுக்கும் ப்ரைமர் இன்னும் வரவில்லை.