மாமாவின் கசெட்டில் ஒரு கேள்வி

மாமாவின் பழைய கசெட்டில் 'வில் யூ லவ் மீ டுமாரோ' வரும் இடத்தில் நாடா கொஞ்சம் இழுபடும். டச்சு பே கடற்கரையின் உப்புக்காற்று எதைத்தான் சும்மா விட்டது? இருந்தும் வயலின்கள் தொடங்கினால் மாமா பேச்சை நிறுத்திவிடுவார்.

ஷிரெல்ஸ் என்ற நான்கு பெண்கள் பாடி, 1961 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்த பாட்டு. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அங்கே முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. எழுதியவர்கள் கணவன் மனைவி. மெட்டு கரோல் கிங், வரிகள் ஜெரி கொஃபின். கிங்குக்கு அப்போது 18 வயது, கையில் குழந்தை வேறு. கொஃபினுக்குப் பகலில் இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை. பாட்டு ஓடியதும் அதை விட்டுவிட்டார்.

முன்னணிப் பாடகி ஷர்லி ஓவன்ஸுக்கு முதலில் இது பிடிக்கவில்லையாம். கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு மாதிரி இருக்கிறது என்றாராம். வயலின்கள் சேர்ந்த பிறகுதான் மனம் மாறியது.

இன்றைக்குச் சரி, நாளைக்கும் அன்பு இருக்குமா என்று ஒரு பெண் கேட்கிறாள். அந்த வரிகளை எழுதியது ஒரு ஆண் என்று மாமாவிடம் சொன்னேன்.

"அவனுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும்தானே, தம்பி" என்றார்.

பிறகு அந்த இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்பதை நான் சொல்லவில்லை.