எத்தனை தலைக்கட்டு?

1991 பிப்ரவரியில் முதல் தடவையாக மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனேன். ஆசிரியை வேலையில் சேர்ந்து 5 வருடம் ஆகியிருந்தது. காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு செட்டிநாட்டு ஊர். இரண்டு பெரிய வீதிகளும் அவற்றுக்குப் பின்னால் இருந்த குடியிருப்பும் என் பங்கு. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். கணக்கெடுப்பில் ஒருவர் சொன்னது வெளியே போகக்கூடாது என்பது 1948-ம் வருடத்துச் சட்டம். ஓய்வு பெற்ற பிறகும் அது எனக்குப் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

முதல் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. முகப்பு தாண்டி, பட்டாலை தாண்டி, வளவுக்கு வந்தால் ஓர் ஆச்சி முறத்தில் மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தார். படிவத்தை எடுத்து, "வீட்டில் எத்தனை பேர் ஆச்சி?" என்றேன்.

"பேரா? எங்க வீடு 11 புள்ளி. இப்ப இருக்கிறது நானும் சமைக்கிறவளும்."

நகரத்தார் என்கிற செட்டிநாட்டுச் செட்டியார்கள் வழக்கில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோவில் வரியெல்லாம் புள்ளிக் கணக்கில்தான். பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்ததும் 'வேறு வைப்பார்கள்'. ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிச் செலவு. கூரை ஒன்று, கிணறு ஒன்று, வளவில் விழுகிற மழையைப் பிடிக்கிற அண்டாவும் அதேதான். இப்படித் தனி அடுப்பு வைத்த குடும்பத்துக்கு எங்கள் பக்கம் தலைக்கட்டு என்று பெயர். திருவிழா வரியும் தலைக்கட்டுக்கு இவ்வளவு. கண்மாய் வேலை என்று ஊர் சாட்டினால் தலைக்கட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு கரைக்கு வந்துவிட வேண்டும்.

அந்தப் படிவத்தில் 2 என்று எழுதினேன். பின்னால் இருந்த குடியிருப்பில் ஒரே அறையுள்ள ஓட்டு வீட்டில் 7 என்று எழுதினேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. 2001-லும் 2011-லும் மறுபடி அதே வேலைக்குப் போனேன். மூன்று தடவை எண்ணியவள் என்பதால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் பிறந்தது 1961. அந்த வருடக் கணக்கில் தமிழ்நாட்டில் 3 கோடியே 37 லட்சம் பேர். நான் கடைசியாக எண்ணிய 2011-ல் 7 கோடியே 21 லட்சம். உலகம் 1960 வாக்கில் 300 கோடி. 2022 நவம்பர் 15-ம் தேதி 800 கோடியைத் தொட்டதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. என் ஒரு ஆயுளுக்குள் நடந்தது இது. நிலம் அப்படியேதான் இருக்கிறது. ஆள் பெருகியதால் இயற்கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூமியில் இருக்கிற பாலூட்டிகள் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தால் மனிதர் எடை 36 சதவீதம், நாம் வளர்க்கிற ஆடு மாடு பன்றிகளின் எடை 60 சதவீதம், காட்டிலும் கடலிலும் தானாகத் திரிகிறவை வெறும் 4 சதவீதம் என்று 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. யானையும் திமிங்கிலமும் அந்த நாலுக்குள்தான். அதைப் படித்த அன்று எனக்கு நரி ஞாபகம் வந்தது. சின்ன வயதில் கண்மாய்க்கு அந்தப் பக்கமிருந்து ராத்திரி ஊளை கேட்கும், அப்பத்தா எங்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். என் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தமே தெரியாது.

ஆனால் 'ஜனத்தொகை பெருத்துப்போச்சு, அதான் எல்லாம் போச்சு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோமே, அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்படிச் சொல்கிறபோது விரல் எப்போதும் அந்த ஓட்டு வீட்டின் 7 பேரைத்தான் காட்டும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1975-77-ல், வடக்கே ஏழைகளைப் பிடித்துக் கட்டாயக் கருத்தடை செய்ததும் அந்த விரல்தான்.

தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்தது அப்படி இல்லை. அப்பத்தா 9 பெற்று 5 தங்கியது. அம்மாவுக்கு 4. எனக்கு 2. மகளுக்கு ஒன்று, அதோடு போதும் என்கிறாள். சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' சுவர் விளம்பரமும் ஒரு காரணம் என்றாலும், பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கையும், வயதுக்கு வந்த பிறகும் பள்ளிக்கூடத்துக்கு வந்த பெண்களும்தான் பெரிய காரணம் என்று என் வகுப்பறையில் நின்று பார்த்தவள் நான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. மக்கள்தொகை அப்படியே நிலைக்க வேண்டுமென்றாலே 2.1 வேண்டும். இப்போது நாடாளுமன்றத் தொகுதி குறைந்துவிடுமோ என்று, நிறையப் பெற்றுக்கொள்ளுங்கள் என மேடையிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறப்புதான் குறைந்துவிட்டதே, அப்படியானால் எங்கள் கண்மாய் நிறைந்திருக்க வேண்டாமா?

அந்தக் கண்மாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று மடை. கரையில் மருதும் நாவலும், உள்வாயில் நாட்டுக் கருவேலமும். மேட்டிலிருந்து வரத்துக்கால் வழியாகச் செம்புரான் மண் கரைந்து, சிவந்த தண்ணீராக முதலில் வரும். இரண்டு நாளில் தெளியும். நிறைந்தால் கலுங்கு வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஊர். கலுங்கில் தண்ணீர் விழுகிற சத்தம் ராத்திரியில் வீடு வரை கேட்கும், அதைக் கேட்டுவிட்டுத்தான் அப்பத்தா தூங்கப் போவார். தை, மாசியில் முக்குளிப்பானும் நாமக்கோழியும் நடுத்தண்ணீரில் மிதக்கும், ஓரச் சேற்றில் உள்ளான் ஓடும். கோடையில் தண்ணீர் வற்றியதும் ஒரு நாள் குறித்து ஊரே ஊத்தாக் கூடையோடு இறங்கும். விரால், கெளுத்தி, கெண்டை, குரவை. மூடிய ஊத்தாவுக்குள் கையை விட்டு விராலைப் பிடிக்கும்போது அது வழுக்கிக்கொண்டு முழங்கையை அடிக்குமே, அந்த அடி இப்போது நினைத்தாலும் கையில் தெரிகிறது. மீன் முடிந்ததும் வண்டல். வண்டி வண்டியாக வயலுக்குப் போகும். வண்டல் அள்ளினால் கண்மாய்க்கு ஆழம், வயலுக்கு உரம்.

2000-ல், கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப் பட்டியல் எடுக்கப் போனபோது 'சமையலுக்கு என்ன எரிபொருள்' என்று ஒரு கேள்வி. அநேகமாக எல்லாரும் விறகு என்றார்கள். 2010-ல் அதே தெருவில் பாதிக்கு மேல் கேஸ். பெண்களின் கண்ணும் நெஞ்சும் தப்பித்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் விறகுக்கு வெட்டுகிற கை நின்றதும் சீமைக்கருவேல் கண்மாயின் உள்வாய் முழுக்க ஏறிவிட்டது. வண்டல் அள்ளவும் ஆள் இல்லை. தண்ணீர் குழாயில் வந்தது, பிறகு வீட்டுக்கு வீடு போர் வந்தது. ஊர் சாட்டினால் தலைக்கட்டுக்கு ஓர் ஆள் கரைக்கு வந்த காலம் போய், தலைக்கட்டுக்கு ஒரு போர் என்றானது. முன்பு ஒரு தலைக்கட்டு கூடினால் கண்மாய்க்கு ஒரு மண்வெட்டி கூடும். இன்று ஒரு தலைக்கட்டு கூடினால் ஒரு மனை, ஒரு சுற்றுச்சுவர், ஒரு குழி.

மாநிலம் முழுக்க இதுதான் கணக்கு. 2001-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. குடும்பங்களோ 1 கோடியே 42 லட்சத்திலிருந்து 1 கோடியே 85 லட்சமாக, ஏறக்குறைய 30 சதவீதம் கூடின. தலைகளைவிடத் தலைக்கட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியிருக்கிறது.

என் வீட்டுக் கணக்கையே வைக்கிறேன். 1970-ல் அப்பத்தா வீட்டில் 14 பேர், ஒரே வீடு, ஒரே கிணறு. இன்று அந்த வம்சத்தில் மருமகன், மருமகள்களோடு சேர்த்து 31 பேர். வீடு 13. அதில் இரண்டு பூட்டிக் கிடக்கின்றன, ஒன்று அந்தப் பழைய வீடேதான். ஆள் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல், வீடு 13 மடங்கு.

13-ல் ஒன்று என்னுடையது. 2003-ல் நானும் அவரும் கடன் வாங்கி மனை வாங்கினோம். மனைப்பிரிவில் கல் ஊன்றி, வழவழப்பான வரைபடம் கொடுத்தார்கள். கட்டி முடித்து இரண்டாம் வருட ஐப்பசி மழையில் தண்ணீர் வாசல் படிவரை வந்து நின்றது. எதிர்ப் பக்கம் ஆடு மேய்க்க வந்த பெரியவர் கோலை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, "இது வரத்துக்கால் போன இடம்மா, கண்மாய்க்குப் போற தண்ணியில நிக்கிற" என்றார். எங்கள் கண்மாயின் வரத்துக்கால் அது. சின்ன வயதில் அதே காலில் நடந்து நாவல்பழம் பொறுக்கியவள், இடம் தெரியாமல் வாங்கியிருக்கிறேன். தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்று அடித்துச் சொல்ல எனக்கு இன்றும் துணிவு வரவில்லை. வங்கியிலிருந்து கடன் வந்துவிட்டது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கம், பஸ் வசதி. எல்லாருக்கும் இதே காரணங்கள்தான்.

பெரிய வீதி வீடுகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. அந்தத் தூண்களின் தேக்கு பர்மாக் காடுகளிலிருந்து கப்பலில் வந்தது. கட்டியவர்கள் எண்ணிக்கையில் சிறிய சமூகம். இன்று அதே வீதியில் பாதி வீடு பூட்டியிருக்கிறது. 2010-ல் ஒரு வீட்டில் அறைகளை எண்ணி முடிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று, குடியிருந்தது காவலுக்கு இருந்த பெரியவர் ஒருவர். அந்த வீடுகளை நான் நேசிக்கிறேன், அந்த ஊருணிகளை வெட்டி வைத்தவர்களும் அவர்கள்தான். ஆனாலும் காட்டின் மேல் விழுகிற பாரம் தலைகளின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததில்லை என்பதை அந்தத் தூணைத் தொட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

ஊர்களுக்குப் பெயர் வைத்தவர்கள் முதலில் மரஞ்செடியைத்தான் பார்த்திருக்கிறார்கள். காரைச் செடி நிறைந்திருந்ததால் காரைக்குடி என்பார்கள். சூரைக்குடி, இலுப்பைக்குடி என்று நகரத்தாரின் ஒன்பது கோவில் ஊர்களிலேயே இரண்டு. காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஒரு தடவை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காரைச் செடியைக் காட்ட நினைத்து மூன்று சனிக்கிழமை தேடினேன். கடைசியில் ஒரு கோவில்காட்டு வேலி ஓரத்தில் கிடைத்தது. சாமி காடு என்பதால் யாரும் வெட்டவில்லை.

வேட்டங்குடிக்கும் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். எங்கள் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம், கொள்ளுகுடிப்பட்டி கண்மாய்கள். 1977-லேயே பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. கண்மாய்க்குள் இருக்கிற கருவேல மரம் முழுக்க நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் வக்காவும் கூடு கட்டியிருந்தன. எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு நல்லது என்று அங்கே ஒரு அம்மா சொன்னார். தீபாவளிக்கு அந்த ஊர்க்காரர்கள் வெடி போடுவதில்லை. குஞ்சு மிரளும் என்பதுதான் காரணம். அந்த ஊரிலும் பிள்ளை குட்டி இருக்கிறது, கல்யாணமாகிறது, வீடு கட்டுகிறார்கள். ஆனால் ஊரே சேர்ந்து ஒன்றை விட்டுக்கொடுக்கிறது, வருடா வருடம். என் மாணவன் ஒருவன், "டீச்சர், இங்க நாரைக்கும் தலைக்கட்டு இருக்கா?" என்று கேட்டான். நான் கூட்டை எண்ணச் சொன்னேன். 60 வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டான்.

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-ல் முடிய இருக்கிறது. இந்தத் தடவை செல்போனிலேயே பதிவு. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள் ஒருத்தி இப்போது பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை. தன்னையும் போடுவார்கள் போலிருக்கிறது, எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுங்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். என் பழைய கையேட்டை எடுத்தோம். என் வீட்டையே ஒத்திகைக்கு வைத்துக்கொள் என்றேன். வாசலுக்குப் போய்ச் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, கதவைத் தட்டி, அந்நியர் போலவே ஆரம்பித்தாள்.

"வீட்டில் எத்தனை பேர்?"

"2."

"அறைகள்?"

"5."

"கல்யாணமான தம்பதிகள்?"

"ஒன்று." ஒரு புள்ளி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"குடிதண்ணீர் எங்கிருந்து?"

"போர்."

"வீட்டு வளாகத்துக்குள்ளேயா, பக்கத்திலா, தொலைவிலா?"

2003-ல் போட்ட போர் 140 அடி. அது காற்று இழுத்து, 2017-ல் பக்கத்திலேயே இன்னொன்று போட்டோம்.

"வளாகத்துக்குள்ளே" என்றேன். "320 அடியில்."

அடியை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. 'வளாகத்துக்குள்' என்பதற்கு நேரே டிக் செய்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனாள்.