மிச்சம் எங்கிருந்து வருகிறது?

தூய்மைப் பணியை வெளிமுகமைக்கு, அதாவது தனியார் ஒப்பந்ததாரருக்கு, விடும் தீர்மானம் நகர்மன்றத்தின் பொருள் நிரலில் இருந்த அன்று, கூட்டத்துக்கு முன்பு ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் கணக்குப் பிரிவில் இருந்த என்னிடம் வந்தார். “சார், வருஷத்துக்கு இவ்வளவு மிச்சம்னு போட்டிருக்கீங்களே, அது எங்கேருந்து வருது?” என்று கேட்டார். நிர்வாகத் திறனிலிருந்து என்றேன். தீர்மானத்துக்காக நான் தயாரித்த குறிப்பிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். “அதே தெரு, அதே குப்பை, அதே ஆளுங்க. கூலியிலேருந்துதானே சார்?” என்றார். மேடைகளில் சமூகநீதியைப் பற்றி மனமாரப் பேசுகிற அவர், தீர்மானம் வந்தபோது ஆதரவாகக் கையை உயர்த்தினார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கொள்கையைக் கட்சிக் கொடியில் தேடினால் இந்த விவகாரம் பிடிபடாது. சென்னையில் 2000ஆம் ஆண்டு குப்பை அள்ள ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனம் வந்தபோது திமுக ஆட்சி. 2012இல் ராம்கி நிறுவனமும் 2020இல் உர்பேசர் சுமீத் நிறுவனமும் வந்தபோது அதிமுக ஆட்சி. 2025இல் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள் தனியாரிடம் போனபோது மீண்டும் திமுக ஆட்சி. அதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் ஆகஸ்ட் 1 முதல் அமர்ந்திருந்த தொழிலாளர்களை 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்தியது. ஆட்சிகள் மாறியும் மாறாமல் நிற்பது, நிரந்தரப் பணியாளர் அரசுக்குப் பாரம் என்ற நம்பிக்கை. எந்தத் தேர்தல் அறிக்கையும் அதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. என் போன்றவர்கள் தயாரிக்கும் ஒப்பீட்டு அட்டவணையில் அது குடியிருக்கிறது.

அந்த அட்டவணையில் நிரந்தரப் பணியாளருக்கான செலவோடு ஓய்வூதியமும் சேரும். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் அப்போது பழைய ஓய்வூதியம் இல்லை, சம்பளத்தில் 10 சதவீதம் பிடிக்கும் பங்களிப்புத் திட்டம்தான் இருந்தது என்பதால் அந்தச் செலவு முன்பே சுருங்கிவிட்டது. ஆனாலும் வாதத்தின் முதல் வரி அதுவாகவே இருக்கும். ஒப்பந்ததாரரின் வேலையைக் கண்காணிக்கும் ஆய்வாளர்களின் சம்பளமோ அட்டவணைக்குள் வராது. ஓட்டுநர் பணியிடம் ஒப்பந்தத்துக்குப் போகும்போது அதன் மீதான 69 சதவீத இடஒதுக்கீடும் போய்விடுகிறது. அந்த இழப்பை எழுத ஒரு கட்டமும் கிடையாது. இந்த இடஒதுக்கீட்டுக்காகவே வாழ்நாளெல்லாம் உழைத்த இயக்கத்தவர்கள் நிறைந்த மன்றத்தில் அதைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனாலும் என் குறிப்பு பொய் என்று நான் நினைக்கவில்லை. அதிலிருந்த ஒவ்வொரு தொகைக்கும் ஆவணம் உண்டு. 2001இல் வந்த பணிநியமனத் தடை 2006இல் விலக்கப்பட்ட பிறகும் எங்கள் காலியிடங்கள் முழுமையாக நிரம்பவில்லை. மழைக்காலத்தில் குப்பை அள்ள ஆளில்லாமல் வார்டுகள் நாறியபோது திட்டு வாங்கியதும் நாங்கள்தான். கூலி வேறுபாட்டைத் தனி வரியாகக் காட்டும்படி யாரும் கேட்கவுமில்லை. கேட்காததை எழுதுவது கணக்கருடைய வேலையா என்பதில் எனக்கு இன்றும் தெளிவில்லை. எழுதுவது அரசியல் என்றால், எழுதாமல் விட்டதை மட்டும் நடுநிலை என்று எப்படிச் சொல்வது?

அந்த வரி இருந்திருந்தாலும் தீர்மானம் நிறைவேறியிருக்கும், கட்சி கட்டளையிட்டிருந்தது. ஒருவேளை, எவருடைய கூலியைக் குறைத்து மிச்சம் பிடிக்கிறோம் என்பதாவது மன்றத்தின் பதிவேட்டில் ஏறியிருக்கும். அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்கு முன் அதை யாராவது எடுத்துப் படித்திருக்கலாம்.