நடந்து போனது கடலா?

திருகோணமலையில் எமக்கு ஆங்கிலம் கற்பித்த சேர், ஆங்கில இலக்கண வினாக்களைத் தமிழ் இலக்கணத்தின் துணையோடு அணுகப் பழக்கியவர். ரியூசன் வகுப்புகள் விதிகளை மனனம் செய்யச் சொன்ன அக்காலத்தில் அது வேறு வழியாகவே இருந்தது.

ஒருநாள் கரும்பலகையில், "வோக்கிங் அப் டு கோணேஸ்வரம், த சீ லுக்ட் புளூ" என்று எழுதிப் பிழையைக் கேட்டார். சொற்கள் எல்லாம் சரியாகவே பட்டன. "தம்பிமார், பிரெட்ரிக் கோட்டை வாசலால, மானுகளைப் பார்த்துக்கொண்டு நடந்து போனது ஆர்? கடலோ?" என்றார். பின்னர் அதையே தமிழில், "கோணேசர் கோயிலுக்கு நடந்து போய்க் கடல் நீலமாகத் தெரிந்தது" என்று எழுதியதும் வகுப்பே சிரித்தது. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும், அதாவது நடந்தவரே அடுத்த வினையையும் செய்ய வேண்டும் என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. ஆங்கிலத்திலும் காற்புள்ளியை அடுத்து வரும் எழுவாயே நடந்தவராக இருக்க வேண்டும். தமிழில் "நடந்து போகும்போது" என்று மாற்றினால் பிழை தீர்ந்துவிடும். ஆங்கிலத்தில் "அஸ் வி வோக்ட்" என எழுவாயை உள்ளே கொண்டுவர வேண்டும்.

'ஒன்லி' அவ்வளவு சிக்கலாகத் தோன்றவில்லை. நம் 'மட்டும்' எந்தச் சொல்லோடு சேர்கிறதோ அதையே வரையறுப்பதுபோல, பரீட்சையில் அதையும் உரிய சொல்லின் அருகில் வைத்தால் போதும்.

ஆனால் எந்தச் சொல்லோடு எந்த இடைச்சொல் சேரும் என்று கேட்கும் மரபு வழக்கு வினாக்களில் தமிழே காலை வாரிவிடும் என்றும் அவர் எச்சரித்தார். 'பற்றி' என்ற நினைப்பில் 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் 'அபவுட்' சேர்ப்பதும், 'அவரோடு' என்ற உருபின் பழக்கத்தால் 'மேரிட் டு' என்பதை 'மேரிட் வித்' ஆக்குவதும் அவ்வகையின. இவற்றில் நியாயம் தேடாமல், சொல்லையும் அதனோடு வரும் இடைச்சொல்லையும் ஒரே சொல்லாகப் பாடமாக்குங்கள் என்பார். அதைவிட நல்ல வழியை நான் இன்றுவரை காணவில்லை.

அந்த வழக்கும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. நான் வாழும் பிரித்தானியாவில் 'டிஃபரன்ட் டு' இயல்பான பேச்சு. அமெரிக்க முறைப் பரீட்சைக்கு 'டிஃபரன்ட் ஃப்ரொம்' என்றே எழுதுவது பாதுகாப்பு. 2023 இல் அறிமுகமான, முகாமைத்துவ மேற்படிப்பு அனுமதிக்கான ஜிமாற் பரீட்சையின் பதிப்பில் வாக்கியத் திருத்தப் பகுதி நீக்கப்பட்டபோதும், அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கான எஸ்ஏரி பரீட்சையில், அந்தக் கோணேஸ்வர வாக்கியத்தில் போல இடம் தவறிய அடைகள் இன்னமும் கேட்கப்படுகின்றன. அதற்கு ஆயத்தமாகும் நம்மவர் பிள்ளைகளிடம், காற்புள்ளிக்கு அப்பால் நிற்பது யார் என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். தமிழ்ப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளானால் வினையெச்சத்திலிருந்தே தொடங்குகிறேன்.