டெண்டன் அறுகிற இடம்

விண்ட்சர்ஃபிங், அதாவது பாய்மரம் பூட்டிய பலகையில் நின்றபடி காற்றைப் பிடித்துத் தண்ணீரில் ஓடும் விளையாட்டு, அதற்கான உதிரிபாகங்கள் வடிவமைக்கிற வேலையில் இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பயிற்சிப் பள்ளியில், வாடகைக்குப் போய்த் திரும்பும் சாமான்களைப் பழுது பார்த்தேன். இரண்டு இடத்திலும் என் கையில் அதிகம் புரண்டது மாஸ்ட் பேஸ்தான், அதாவது பாயைத் தாங்கும் மாஸ்ட்டின் அடியைப் பலகையோடு சேர்க்கிற மூட்டு. அதன் நடுவில் எந்தப் பக்கமும் வளையக்கூடிய பாலியூரிதேன் உருளை ஒன்று இருக்கும், அதைத்தான் டெண்டன் என்கிறோம். இந்தத் துறைக்குள் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மெட்டீரியல் நல்லது என்று. மெட்டீரியலை அப்புறம் பார்க்கலாம், டெண்டன் அதன் முனையைப் பிடித்திருக்கும் உலோகக் கிண்ணத்துக்குள் நுழைகிற விளிம்பை முதலில் பாருங்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்வேன். என் மேசைக்கு அறுந்து வந்த டெண்டன்களில் பெரும்பாலானவை அறுந்தது அந்த விளிம்பில்தான்.

இந்த மூட்டு இல்லையென்றால் இந்த விளையாட்டே இல்லை. ஜிம் டிரேக்கும் ஹாயில் ஷ்வைட்ஸரும் 1968-இல் விண்ணப்பித்து 1970-இல் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமையின் மையமே, மாஸ்ட்டைப் பலகையில் அசையாமல் நடாமல் எல்லாத் திசையிலும் சாயவிட்டதுதான். டிரேக் விமானத் துறைப் பொறியாளர். பலகையில் சுக்கான் கிடையாது. பாயை முன்னால் சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும், பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும், அவ்வளவுதான் திசை மாற்றும் வித்தை. பாயின் விசை பலகைக்குப் போக இரண்டே வழி, ஒன்று ஓட்டுபவரின் கால்கள், இன்னொன்று இந்த மூட்டு. அது நடுக்கடலில் அறுந்தால் பாய் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடக்கும் பாய் மெதுவாகத்தான் நகரும், ஆனால் வெறும் பலகையைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும், நீந்திப் பிடிப்பது சுலபமில்லை.

மூட்டுகளில் மூன்று வகை புழக்கத்தில் உண்டு. இரண்டு அச்சில் திரும்பும் உலோக அல்லது பிளாஸ்டிக் மூட்டு, இரண்டு முனையிலும் உலோகத் தகட்டோடு சேர்த்து வார்த்த இடை சிறுத்த ரப்பர் மூட்டு, அப்புறம் டெண்டன். முதல் வகை லேசாகத் திரும்பும், ஆனால் மணல் புகுந்து தேயும், உடையும்போது முன்னறிவிப்பே இருக்காது. ரப்பர் மூட்டில் ரப்பர் கிழிவதைவிட அது உலோகத்தோடு ஒட்டியிருக்கிற இடம் விட்டுப்போவதுதான் எனக்குப் பயம், ஏனென்றால் அந்த ஒட்டு வெளியே தெரியாது. டெண்டனில் ஒட்டு என்று எதுவும் இல்லை. கிண்ணத்துக்குள் செருகி, குறுக்கே ஒரு பின்னோ திருகோ போட்டுப் பிடித்திருப்பார்கள், கழற்றி மாற்றலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் டெண்டன் பக்கம்.

சரி, இதன் மேல் என்னென்ன விசை விழுகிறது? இங்கே ஒரு தவறான எண்ணம் ரொம்பப் பரவலாக இருக்கிறது. பாயைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுகிற டவுன்ஹால் கயிற்றில் அவ்வளவு இழுவிசை இருக்கிறதே, அது முழுவதும் டெண்டனைத்தான் இழுக்கிறது என்று அனுபவசாலிகள்கூட நினைக்கிறார்கள். இல்லை. அந்த விசை பாயின் தலையிலிருந்து மாஸ்ட் வழியாக இறங்கி, மாஸ்ட்டின் அடியில் செருகும் எக்ஸ்டென்ஷன் குழாயில் இருக்கும் கப்பியில் முடிந்துவிடுகிறது, டெண்டனுக்கு அது வருவதே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது டெண்டன் பெரும்பாலும் அமுங்கித்தான் இருக்கிறது, ஓட்டுபவர் உடம்பில் கட்டிய ஹார்னஸ் பட்டையைப் பூமில் (பாயைப் பிடிக்கும் கைப்பிடிச் சட்டம்) மாட்டித் தொங்கும்போது அவர் எடையில் ஒரு பங்கு பூம், மாஸ்ட் வழியாக அதன் மேல்தான் இறங்குகிறது. டெண்டனைக் கொல்வது அந்த நேரமல்ல. பாய் தண்ணீரில் சாய்ந்து மூட்டு முழுதாக மடிந்திருக்கும் நேரம், அதிலும் மடிந்த நிலையிலேயே அலை வந்து பலகையை ஒரு பக்கமும் பாயை ஒரு பக்கமும் இழுக்கும் நேரம். கரையோர அலையில் பலகை புரண்டு மாஸ்ட் மணலில் குத்திக்கொண்டால் இன்னும் மோசம், மாஸ்ட்டின் முழு நீளமும் நெம்புகோலாகிவிடும்.

மடிவதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வெளிப்பக்கம் எவ்வளவு நீள்கிறது என்பது, ஆரத்தை மடங்கும் கோணத்தால் பெருக்கி, கிண்ணங்களுக்கு வெளியே இருக்கும் நீளத்தால் வகுத்தால் கிடைக்கும். 30 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டு 90 டிகிரி மடித்தால் வெளித்தோல் சுமார் 47 சதவீதம் நீள்கிறது. நீளத்தை 40 மி.மீ. ஆகக் குறைத்தால் அதுவே 59 சதவீதம் ஆகிவிடும். பலகைக்கும் மாஸ்ட்டுக்கும் நடுவில் இடைவெளி குறையவேண்டும், இறுக்கமாகத் தெரியவேண்டும் என்று குட்டையான மூட்டைக் கேட்டு வாங்குகிறவர்கள் இந்த 12 சதவீதப் புள்ளி வித்தியாசத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. தடிமனைக் கூட்டினால் பலம் கூடும் என்பதும் பாதி உண்மைதான். 26 மி.மீ. விட்டத்துக்கு இறங்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு கால் பங்கு குறையும், நேராக இழுக்கும்போது அந்த அளவு பலமும் போகும், ஆனால் அதே மடிப்பில் நீட்சி 41 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஒரு தரம் பலமாக இழுத்து அறுகிறதா, பலமுறை மடிந்து அறுகிறதா என்பதைப் பொறுத்து விடை மாறும். எனக்கு வந்தவை பெரும்பாலும் இரண்டாவது ரகம்.

மேலே சொன்ன கணக்கு, டெண்டன் முழு நீளத்துக்கும் சீராக வளைகிறது என்று வைத்துக்கொண்டு போட்டது. நிஜத்தில் நேர் உருளை அப்படி வளையாது. கிண்ணத்தின் உதட்டில் போய் ஒடிந்த மாதிரி மடிகிறது, மொத்த வளைவில் பெரும்பங்கு அந்தச் சில மில்லிமீட்டரில் குவிகிறது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடித்தால் எப்படிப் பொட்டென்று போகுமோ, அதே சங்கதி. உதடு கூர்மையாக விடப்பட்டிருந்தால் அது கத்தி வேலையும் செய்யும். அதனால் நான் முதலில் கேட்டு வாங்கிய மாற்றம், உதட்டை 3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டி, கிண்ணத்தின் வாயைக் கொஞ்சம் விரித்து விடுவது. அடுத்தது, நடுவில் இடையைச் சிறுக்கச் செய்வது. இடை சிறுத்தால் மடிப்பு தானாகவே நடுவுக்கு நகர்ந்துவிடுகிறது, அங்கே உலோகமும் இல்லை, துளையும் இல்லை, விரிசல் வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அது தெரிகிற இடத்தில் வருவது எனக்கு ரொம்ப முக்கியம், ஒரு டெண்டன் எத்தனை நாள் உழைக்கிறது என்பதைவிடவும்.

மெட்டீரியலுக்கு வருவோம். பாலியூரிதேனில் பாலியெஸ்டர் வகை, பாலியீதர் வகை என்று இரண்டு பெரிய குடும்பம் இருக்கிறது. பாலியெஸ்டர் வகை கிழியாமலும் தேயாமலும் நன்றாகத் தாங்கும், ஆனால் தண்ணீரும் சூடும் சேர்ந்தால் அதன் மூலக்கூறுச் சங்கிலி மெதுவாக அறுபடும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். ஈரத்தோடு மூட்டையில் கட்டி வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைத்த டெண்டன் ஒட்டும் பதத்துக்கு வந்து, நகத்தால் கீறினால் பொடிப்பொடியாக உதிர்வதை நான் பார்த்திருக்கிறேன். பாலியீதர் வகை தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாது. சோதனைக் கூடத்தில் உலர்ந்த காற்றில் மடித்துப் பார்த்தால் முதல் வகை ஜெயிக்கும், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு எடுத்து மடித்தால் கதை தலைகீழாகும். கடலில் போகிற பொருளுக்கு எந்தச் சோதனையை நம்புவது என்பதில் விவாதமே தேவையில்லை என்று நான் நினைத்தேன், ஆனாலும் அலுவலகத்தில் அதற்கு நிறைய விவாதம் நடந்தது, ஏனென்றால் ஊறப்போடுவதற்கு நேரம் ஆகும்.

அதே நேரப் பிரச்சினைதான், டெண்டனைத் திரும்பத் திரும்ப மடித்துச் சோதிக்கும் எந்திரத்திலும். சீக்கிரம் முடிவு வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினால் டெண்டன் உள்ளுக்குள் சூடேறுகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாக மாறும், பாலியூரிதேன் வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம், அதனால் சூடு வெளியே வர வழியில்லாமல் நடுவில் தங்கி உள்ளிருந்து இளகுகிறது. கடலில் அப்படி நடக்காது, மடிப்பும் மெதுவு, சுற்றிலும் தண்ணீர். மெதுவாக ஓட்டுங்கள், மேலே தண்ணீர் சொட்ட விடுங்கள் என்று நாங்கள் கேட்டு வாங்கிய பிறகுதான் எந்திரத்தில் அறுந்த துண்டும் கரையிலிருந்து வந்த துண்டும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்தன. இரண்டிலும் உதட்டுப் பக்கம் வழவழப்பான பிறை வடிவம், அதைத் தாண்டி சொரசொரப்பாகக் கிழிந்த பரப்பு. பிறை என்பது விரிசல் மெதுவாக வளர்ந்த காலம், சொரசொரப்பு என்பது கடைசி நாள்.

ரப்பர் மூட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாயும் பலகையும் பூட்டியபடியே நாள் முழுக்கக் கரையில் சாய்த்துப் போடுகிறார்கள், மூட்டு மடிந்தே கிடக்கிறது. இழுபட்ட நிலையில் இருக்கும் இயற்கை ரப்பரைக் காற்றிலுள்ள ஓசோன் வெட்டும், இழுவைக்குக் குறுக்கே மெல்லிய கீறல்களாகத் தெரியும். பாலியூரிதேனுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. எதுவானாலும் ஓட்டி முடித்ததும் கழற்றி வையுங்கள், அரை நிமிட வேலை.

இனி, எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற விஷயம், கழற்ற முடியாத டெண்டன். டெண்டன் விலை குறைவான, மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட துண்டு. ஆனால் அதைப் பிடித்திருக்கும் திருகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கிண்ணம் அலுமினியம், நடுவில் உப்புத் தண்ணீர். இரண்டு வேறு உலோகமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகி மரையை இறுக்கிவிடும். ஸ்டெயின்லெஸ் என்று நம்பியிருந்தாலும் காற்றுப் புகாத இடுக்கில் குளோரைடு தங்கினால் அதுவும் அரிக்கும், 316 ரகம் 304-ஐவிடத் தாங்கும், அவ்வளவுதான். ஆலன் சாவி போடும் குழியில் மணல் இறுகி, அதோடு திருகப் போய் குழி வட்டமாகிவிட்டால் கதை முடிந்தது. பழுது மேசைக்கு வந்த சாமான்களை ஓட்டியவர்களில் எத்தனையோ பேர் டெண்டன் பழசு என்று தெரிந்தே ஓட்டியிருக்கிறார்கள், அலட்சியத்தால் அல்ல, திருகைத் திறக்க முடியாததால். அவர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை, அது வரைபடம் போட்டவரின் பொறுப்பு. இரண்டு உலோகத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் புஷ் (உறை), தண்ணீர் வடிய ஒரு துளை, பெரிய தலை வைத்த திருகு, பூட்டும்போது மரையில் கிரீஸ். இவ்வளவு செய்தால் போதும், எந்த மெட்டீரியலை மாற்றுவதைவிடவும் பாதுகாப்பு கூடும்.

எப்படிப் பார்ப்பது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். நேராக நிற்கும்போது பார்த்துப் பயனில்லை, விரிசல் மூடிக்கொண்டிருக்கும். எக்ஸ்டென்ஷனைப் பூட்டி அதையே பிடியாக வைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒரு பக்கமாக முழுதாக மடித்து, வெளிப்பக்க உதட்டோரம் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பிறகு நான்கு பக்கமும் அப்படியே. ஒரு இடத்தில் நகம் மாட்டினாலும் மாற்றிவிடுங்கள், பாலியூரிதேனில் ஒரு வெட்டு விழுந்துவிட்டால் அதற்கப்புறம் கிழிவது வேகம். பக்கத்தில் ஓடும் பாதுகாப்புப் பட்டையையும் பாருங்கள். டெண்டன் அறுந்தால் பாயையும் பலகையையும் சேர்த்து வைப்பது அதுதான், அது வெயிலில் வெளுத்துத் தையல் விட்டிருந்தால் இருந்தும் இல்லாத மாதிரி. சாதாரண மடிப்பில் அது இழுபடக் கூடாது, அதே சமயம் அறுந்தபின் மாஸ்ட் அடி பலகையைக் குத்திக் குதறும் அளவுக்குத் தொங்கவும் கூடாது. பட்டையும் போய்விட்டால் பலகையை விடாதீர்கள், மிதப்பது அதுதான். டவுன்ஹாலில் மிச்சமிருக்கும் கயிற்றால் எக்ஸ்டென்ஷனைப் பலகையில் பூட்டியிருக்கும் அடித்தட்டோடு கட்டிக்கொண்டு மெதுவாகக் கரைக்கு வரலாம்.

இப்போது நான் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது டெண்டனிலேயே வார்ப்பு ஆண்டை அச்சிடுவதற்காக. வாங்கிய ஆண்டு பலருக்கு நினைவிருக்காது, கடையில் எவ்வளவு நாள் கிடந்தது என்பது யாருக்குமே தெரியாது. கிண்ணத்துக்குள் போகும் பகுதியில் போடுவது சுலபம், ஆனால் கழற்றாமல் படிக்க முடியாது. இடையில் பள்ளமாகப் போட்டால் அந்த எழுத்தே விரிசலுக்குப் பிள்ளையார் சுழி போடும். புடைத்த எழுத்தாக, உதட்டுக்கும் இடைக்கும் நடுவில், வளைவு குறைவான பட்டையில் போடவேண்டும் என்பது என் கட்சி. டெண்டனை வார்க்கும் அச்சைச் செய்பவர் அந்த இடத்தில்தான் அச்சின் இரண்டு பாதியும் சேரும் கோடு வருகிறது என்கிறார். கோட்டை எப்படியாவது 90 டிகிரி திருப்பச் சொல்லியிருக்கிறேன்.