கோணேசர் மலைக்கு வந்த மெக்சிக்கோ விருந்தாளி

கோணேசர் கோயிலை இடித்தது போர்த்துக்கேயர் என்று திருகோணமலையில் பிறந்த சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இடிக்கச் சொன்ன தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா என்பதும் பலருக்குத் தெரியும். அந்தத் தளபதி யாருக்குக் கும்பிடு போட்டார் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். மட்ரிட்டில் இருந்த நான்காம் பிலிப். 1580 தொடக்கம் 1640 வரை போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே முடியின் கீழ் இருந்தன. மெக்சிக்கோ, பெரு, பொத்தோசி வெள்ளிமலை எல்லாம் ஆண்ட அதே ஆள்தான் கோணேசர் இருக்கிற எங்கள் சுவாமிமலைக்கும் கொஞ்சக் காலம் சொந்தக்காரர்.

நான் வீட்டில் சாதாரண தர, உயர்தரப் பிள்ளைகளுக்கு வரலாறு ரியூசன் சொல்லிக் கொடுக்கிறேன். உப்புவெளிப் பக்கம் வீடு இருப்பதால் சீசன் நாட்களில் பின்பக்கத்து இரண்டு அறையையும் வாடகைக்கு விடுவோம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கடலும் புறாத்தீவும் போதும். போன ஓகஸ்டில் வந்த ஒரு தம்பதி வேறு மாதிரி. மனைவி மெக்சிக்கோவில் சோலுலா என்ற ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. நானும் வரலாறு படிப்பிக்கிறேன் என்று தெரிந்ததும் சூட்கேஸைக்கூடத் திறக்காமல் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

பின்னேரம் அவர்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிரெட்ரிக் கோட்டை வாசலில் எல்லாரும் மான்களைப் படம் எடுப்பார்கள். நான் கல்லைத்தான் காட்டினேன். மீன் சின்னமும் அரைகுறைத் தமிழ் எழுத்தும் உள்ள அந்தக் கல். 'முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே' என்று போகும் பாட்டு. குளக்கோட்டன் என்ற அரசன் கட்டிய கோயிலைப் பிரித்த கல்லில்தான் கோட்டை எழும்பியது என்று விளங்கப்படுத்தினேன். வெளிநாட்டுக்காரர் இந்த இடத்தில் வழக்கமாக "ஐயோ" என்பார்கள். இவர் சொல்லவில்லை. போனை எடுத்துத் தன் ஊர்ப் படத்தைக் காட்டினார். பச்சைப் புல் மூடிய ஒரு குன்று, அதன் உச்சியில் மஞ்சள் நிறத் தேவாலயம். "இது குன்றில்லை" என்றார். கன அளவில் உலகிலேயே பெரிய பிரமிட். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதன் தலையில் மாதாவுக்குக் கோயில் கட்டிவிட்டார்கள். மெக்சிக்கோ நகரத்திலும் ஸ்பானியருக்கு முன் அங்கே ஆண்ட அஸ்டெக்குகளின் பெரிய கோயிலை உடைத்த கல் பக்கத்திலேயே எழும்பிய கதீட்ரலுக்குப் போயிருக்கிறது.

அப்புறம் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு கதை சொன்னோம். 1978இல் மெக்சிக்கோ நகரத்தில் மின்சாரத் தொழிலாளர் கிடங்கு வெட்டும்போது கொயோல்ஷாவ்கி என்ற தெய்வத்தைச் செதுக்கிய பெரிய வட்டக் கல் தட்டுப்பட்டதாம். அதற்குப் பிறகுதான் அங்கே முறையாகத் தோண்டிக் கோயிலை வெளியே எடுத்தார்கள். எங்கள் ஊரில் 1950இல் நகரசபை கிணறு வெட்டப் போய்ச் சோமாஸ்கந்தரும் அம்மனும் வெளியே வந்தார்கள். கரண்டுக்காரனும் கிணறு வெட்டுகிறவனும் இல்லாவிட்டால் எங்கள் தொழிலே ஓடாது என்று சொல்லிச் சிரித்தோம்.

ஆனால் இதே வேகத்தில் "இரண்டும் ஒரே கதைதான்" என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. என் பிள்ளைகள் அப்படித்தான் முடிப்பார்கள். "எங்களுக்கும் இதேதானே நடந்தது மிஸ்." இல்லை. எங்களுக்கு நடந்தது பெரிய அநியாயம். 1619இல் யாழ்ப்பாண அரசு போனது. சங்கிலி அரசனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். கோயில்கள் தரைமட்டமாகின. ஆனாலும் நாங்கள் மிச்சம் இருந்தோம். அங்கே பெரும்பாலான ஆட்களே இல்லாமல் போனார்கள்.

கொலம்பஸ் 1492இல் போய் இறங்கிய பகுதியை எடுங்கள். கரீபியன் கடலில் ஹிஸ்பானியோலா தீவு, அங்கே தைனோ மக்கள். சில வருசத்துக்குள் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு சின்ன மணி நிறையத் தங்கம் கொடுக்க வேண்டும் என்று வரி போட்டார்கள். ஆற்று மணலில் அவ்வளவு தங்கம் கிடையாது. தங்கம் அரிக்கப் போனவன் தோட்டம் செய்யவில்லை. தோட்டம் செய்யாத வீட்டில் பசி. 1518 முடிவில் பெரியம்மை வந்து சேர்ந்தபோது ஏற்கெனவே குறைந்துபோயிருந்த சனத்தில்தான் அது கை வைத்தது. 1492இல் இரண்டு அமெரிக்காவிலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை; 5 கோடிக்கு மேல் என்பவர்கள் பலர். அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்குள் பத்தில் ஒன்பது பேர் போய்விட்டார்கள் என்பதைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அஸ்டெக்குகளின் தலைநகரம் டெனோச்டிட்லானில் ஸ்பானியரை ஒரு தடவை அடித்துத் துரத்திய பிறகு பட்டத்துக்கு வந்தவர் குயித்லாவாக். சுமார் 80 நாள்தான், பெரியம்மை கொண்டுபோய்விட்டது. அடுத்த வருசம், 1521 ஓகஸ்ட் 13, நகரம் விழுந்தது. பெருவில் இன்கா பேரரசர் வாய்னா கபாக்கும் ஸ்பானியரைக் காணாமலே அவர்களுக்கு முன்னால் ஓடி வந்த நோயில் இறந்தார் என்றுதான் கருதுகிறார்கள். மகன்மார் இருவரும் பட்டத்துக்கு அடிபட்டுக் களைத்த நேரத்தில் ஸ்பானியத் தளபதி பிசாரோ வந்தார். 1532 நவம்பரில் கஹமார்க்காவில் அவரோடு இருந்தவர்கள் 168 பேர்.

இங்கே நோய் மறுபக்கம் நின்றது. திருகோணமலைக்கு எந்தக் காலத்தில் கப்பல் வரவில்லை? பெரியம்மை எங்களுக்கு எவ்வளவு பழசு என்றால் அதற்கு ஒரு அம்மாளே இருக்கிறா. வேப்பிலை கட்டி, வீட்டைக் குளிர வைத்து, வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிற ஊர்கள் இந்தக் கிழக்குக் கரை முழுக்க உண்டு. அந்த நோய் எங்களில் கொஞ்சப் பேரையா கொன்றது? ஆனால் தலைமுறை தலைமுறையாக வந்து போனதால் பெரியவர்கள் பலர் சின்ன வயதிலேயே தப்பிப் பிழைத்தவர்களாக இருந்தார்கள். ஊரே ஒரேயடியாகப் படுக்கவில்லை. அமெரிக்க மக்கள் பத்தாயிரம் வருசத்துக்கு மேலாகத் தனியே இருந்தவர்கள். வீட்டுக்குள் மாடும் பன்றியும் வளர்த்துப் பழக்கமில்லை. முதல் அம்மையே ஊர் முழுவதையும் பிடித்தது. தண்ணீர் கொடுக்கக்கூட எழும்பி நிற்க ஆளில்லை. இங்கே காட்டுக் காய்ச்சலில் விழுந்தது பறங்கிகள்தான்.

இன்னொரு வித்தியாசம். அஸ்டெக்குகளை வென்ற ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸோடு, பக்கத்துத் தெலஷ்காலா நாட்டவர் ஆயிரக்கணக்கில் சேர்ந்து கடைசி வரை நின்றார்கள். அஸ்டெக்குகள் மேல் அவ்வளவு கோபம். டி சாவோடும் லஸ்கரின் என்று சொல்லும் உள்ளூர்ச் சிப்பாய்ப் படை இருந்தது. 1630இல் ஊவாப் பக்கத்து ரந்தெனிவெலயில் அவர்கள் கண்டி அரசன் பக்கம் கட்சி மாறினார்கள், டி சா அங்கேயே செத்தார். கோயிலை இடித்துப் பத்து வருசம்கூட ஆகவில்லை. 1639இல் ஒல்லாந்தர் வந்து கோட்டையையும் பிடித்துவிட்டார்கள். கோர்த்தேஸுக்கோ பிரபுப் பட்டமும் காணியும் கிடைத்தன.

இதை நான் என் விருந்தாளியிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. "கிருமிதான் செய்தது என்று சொல்வது அவர்களுக்கு வசதி" என்றார். 1519 ஒக்டோபரில் சோலுலாவில் ஆட்களை ஒரு முற்றத்துக்குள் கூப்பிட்டு வாசலை அடைத்துக் கொன்றார்கள். இரண்டு மணி நேரத்தில் மூவாயிரத்துக்கு மேல் என்று கோர்த்தேஸே தன் ராஜாவுக்கு எழுதியிருக்கிறார். பொத்தோசியும் அப்படித்தான். 1570களில் பெருவின் ஸ்பானிய வைஸ்ராய் தொலேதோ மலைநாட்டு மாகாணங்களிலிருந்து ஏழில் ஒரு ஆண் என்று முறை வைத்துச் சுரங்கத்துக்கு இழுத்தார். வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம்; அந்தப் பாதரசம் தோண்டிய வன்காவெலிகா சுரங்கம் அதைவிடக் கொடியது. நோய்க்குப் பிறகு சனம் திரும்பவும் பெருகலாம். ஐரோப்பாவில் பிளேக்குக்குப் பிறகு பெருகியது. வயலையும் வீட்டு ஆம்பிளையையும் பறித்துக்கொண்டால் எங்கே பெருகுவது? அவர் சொன்னதுதான் சரி. ஆட்களை இல்லாமல் செய்ததில் நோயையும் வேலையையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது.

எனக்கு எப்போதும் எரிச்சல் மூட்டுவது ஸ்பானிய அரசு 1513இல் எழுதிய ஒரு அறிவித்தல். போப்பும் ராஜாவும் உங்களுக்கு எசமான், ஒப்புக்கொள்ளாவிட்டால் யுத்தம், அடிமைத்தனம், அதற்குப் பழியும் உங்கள் மேல்தான் என்று ஸ்பானிய மொழியில் வாசிப்பார்கள். கேட்கிற சனத்துக்கு ஒரு சொல் விளங்காது. சில இடங்களில் கேட்க ஆளே இல்லாத இடத்தில் வாசித்தார்கள். இந்தச் சட்ட நாடகம் வடக்கேயும் வேறு உடுப்பில் வந்தது. பழங்குடிகளை அவர்கள் நிலத்திலிருந்து அகற்ற 1830இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தின் பேரில் செரோக்கி மக்களை 1838இல் மேற்கே நடத்திக்கொண்டு போனபோது சுமார் 4,000 பேர் செத்தார்கள். பிறகு பிள்ளைகளைப் பிடித்து விடுதிப் பள்ளியில் போட்டுத் தலைமயிரை வெட்டினார்கள்.

இரவு மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கட்டைச்சம்பல் இடித்து வைத்தேன். விருந்தாளிக்கு உறைக்கும் என்று நான் பயப்படவில்லை. செத்தல் மிளகாயே அவர்கள் நாட்டுப் பயிர்தானே. மரவள்ளி தென் அமெரிக்கா. மலை அடிவாரத்தில் வாங்கிய கச்சானும் அங்கேதான். சோளன், தக்காளி, கொய்யா, பப்பாசி எல்லாம் அந்தப் பக்கம். பறங்கிக் கப்பலில் வந்தபடியால் பறங்கியுடையது என்று நினைத்துவிடுகிறோம். விளைவித்துத் தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கியவர்கள் அந்தச் சனங்கள்.

சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டார், "இங்கே பழங்குடிகள் யார்?" மூதூர், வெருகல், வாகரைப் பக்கம் கரையோர வேடர் இருக்கிறார்கள் என்றேன். மீன்பிடி, சேனை, தேன். 2006இல் மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் சண்டை வந்தபோது அந்தப் பக்கத்துச் சனத்தோடு சேர்ந்து அவர்களும் இடம்பெயர்ந்தவர்கள். "என்ன மொழி பேசுவார்கள்?" தமிழ். "முதலில்?" அவருடைய பாட்டி நாவாட்டில் என்ற பழைய அஸ்டெக் மொழி பேசியவர், இவருக்குச் சில சொற்கள்தான் தெரியும். அதனால் அந்தக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. கோட்டை வாசலில் நின்று பறங்கியைக் குறை சொல்ல எங்களுக்கு நன்றாக வரும். ஆனால் காட்டிலும் களப்பிலும் எங்களுக்கு முன்னால் இருந்தவர்களின் பேச்சு எப்படித் தமிழாக மாறியது என்பதற்கு எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு பந்திகூடக் கிடையாது. அங்கே நடந்தது மாதிரிக் கொலை நடந்தது என்று நான் சொல்லவில்லை. மெதுவாக, கலியாணத்தாலும் கோயிலாலும் பள்ளிக்கூடத்தாலும் நடந்திருக்கலாம். மெதுவாக நடந்ததால் கேட்காமல் விட்டுவிடலாமா?

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் இதைச் சொன்னேன். வெருகல் பக்கத்திலிருந்து வந்து இங்கே மாமி வீட்டில் தங்கிப் படிக்கிற ஒரு பையன் வழக்கமாக வாயே திறக்க மாட்டான். "எங்கட அம்மம்மா ஆக்கள் வேடர்தான் மிஸ். வருசத்துக்கு ஒருக்காச் சடங்கு வைப்பினம்." மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், ஒருத்தி "சும்மா சொல்றான் மிஸ்" என்றாள். சடங்குக்கு நாங்களும் வரலாமா என்று கேட்டேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். இன்னும் சொல்லவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.